தக்காளிச் செடி சொன்ன கோள்

அத்தியாயம் 14

போன வாரம் நீங்கள் பத்திரிகையை மடித்து வைத்தபோது அந்த வேலைக் கடிதம் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது. இந்த வாரமும் அங்கேயேதான் இருக்கிறது. ஓரத்தில் ஒரு டீக்கறை மட்டும் புதிது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டில் மூன்று பேர். அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் இன்னும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா தையல் கடையில் துணி வெட்டுகிறார், அதனால் மாஸ்டர். மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்தொன்பது வயது, அப்பாவை விட அரை ஜாண் உயரம். அவளுக்கு வீட்டில் பெயர் பொடிசு.

ஏழு மாதத்துக்கு முன் டிரைவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனி சிகரெட்டைக் கையால் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை சும்மா இருந்தால் அது சிகரெட்டைத் தேடும் என்று, வீட்டின் பின்புறம் முதல் தொட்டியை வாங்கி வைத்தவள் பொடிசு. இன்றைக்கு அங்கே இருபத்திரண்டு தொட்டிகள். பாதி தக்காளி, பாதி மிளகாய். மிளகாயில் நாக்கைப் பொசுக்குகிற ஊசி மிளகாய்தான் அதிகம். காரமே ஆகாத மனிதர் அதை ஏன் இவ்வளவு ஆசையாக வளர்க்கிறார் என்று கேட்டால், அழகாக இருக்கிறது என்பார்.

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே பரிசோதனைக் கூடம் முழுவதற்கும் பொறுப்பாளர் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒன்றை இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிவிட வேண்டும்.

பொடிசுக்கு இருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அப்பா சிகரெட்டைத் தொடவில்லை என்று மனசுக்கு உறுதியாகத் தெரிந்தால் போவாள். இல்லையென்றால் இல்லை. நடு ராத்திரியில் அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவள் அவள். அவள் அப்படித்தான் யோசிப்பாள்.

காலை ஆறரை மணிக்கு டிரைவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேருந்து எடுப்பதற்கு முன் டயரைத் தட்டிப் பார்த்த பழக்கம், ஒவ்வொரு தொட்டியையும் விரலால் தட்டி ஈரம் பார்ப்பார். பொடிசு பல் துலக்கியபடி பின்னாலேயே வந்தாள். மூன்றாவது தக்காளியின் முன் நின்றுவிட்டாள்.

இலையில் ஓர் இடம் கரும்பச்சை, அதை ஒட்டி ஓர் இடம் வெளிர் மஞ்சள். திட்டுத்திட்டாக, யாரோ வரைந்த மாதிரி. நுனி இலைகள் நூலாக மெலிந்து கிடந்தன. பக்கத்து மிளகாயில் குருத்து முறுக்கிக்கொண்டிருந்தது. காய்கள் மேடும் பள்ளமுமாக இருந்தன.

"இது எப்ப இருந்துப்பா?"

"ஒரு வாரமா இருக்கு. வெயில்தான்."

"வெயில் ஒரு இலைக்கு ஒரு மாதிரியா அடிக்கும்?"

"அப்ப உரம் பத்தல," என்றார் டிரைவர். பேருந்து எந்தக் காரணத்துக்காக நின்றாலும் டீசல் பத்தல என்று சொல்பவர்கள் உண்டு. இவர் அந்த ரகம்.

மாஸ்டர் தலையைப் பின்னிக்கொண்டே வாசற்படியில் எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை தவறாம நான் சோப்புத் தண்ணி அடிக்கிறேன். ஒரு பூச்சி இருக்கா பாரு. என் செடிக்கு எந்த நோயும் வராது." பிறகு மகளிடம் குரலைத் தாழ்த்தினார். "சாயந்திரம் நாலே காலுக்கு வந்துடறேன். நான் இல்லாம அந்தப் பதிலை அனுப்பிடாத. என்ன?"

"சரிம்மா."

"போறேன்னு எழுதறதா இருந்தாலும் சரி."

"அதான் சரின்னுட்டேனே."

மாஸ்டருக்கு மகள் போக வேண்டும். அதில் ஒளிவுமறைவு கிடையாது. தன் காலத்தில் வந்த நல்ல வாய்ப்பை வீட்டுக்காக விட்டவர். அந்த வருத்தத்தை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. டிரைவரும் ஒன்பது நாளாக, "போம்மா, இப்படி ஒரு வேலை தேடினாலும் கிடைக்காது" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

பொடிசுக்கு அன்று விடுப்பு. பத்து மணிக்கு இரண்டு தக்காளி இலைகளையும் ஒரு மிளகாய்க் குருத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டு, நாற்று வாங்கிய நர்சரிக்குப் போனாள். ரத்த மாதிரிக் குப்பிகளைக் கையாண்டு பழகியவள். பையின் மேல் தேதிகூட எழுதியிருந்தாள்.

காதில் பென்சில் செருகியிருந்த நர்சரிக்காரம்மா தூரத்திலிருந்தே பையைப் பார்த்துவிட்டார்.

"திறக்காதே. அப்படியே வெளிய வா."

இருவரும் நாற்றுகளை விட்டுத் தள்ளி, கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அந்த அம்மா பையை வாங்காமல், பொடிசின் கையில் இருந்தபடியே வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறா?"

பொடிசுக்குச் சட்டென்று புரியவில்லை. "செடிக்கும் அதுக்கும் என்னக்கா?"

"தக்காளி, மிளகாய், புகையிலை மூணும் ஒரே குடும்பம்மா. புகையிலைக்கு வர்ற ஒரு வைரஸ் இதுங்களுக்கும் வரும். சிகரெட் புடிச்ச கையோட இலையைக் கிள்ளினா போதும், ஒட்டிக்கும். இந்தத் திட்டு இருக்கு பாரு, இதை நான் நிறைய வீட்ல பாத்திருக்கேன்."

"வேற வழியில வராதா?"

"வரும். விதையில வரும், நாத்துல வரும். நாத்து என்கிட்ட வாங்கினது. அதே தட்டுல இருந்து வாங்கின மத்த மூணு பேர் செடியும் நல்லா இருக்கு. யாரு பிடிக்கிறா?"

"யாரும் இல்ல. அப்பா முன்னாடி பிடிப்பார். விட்டு ஏழு மாசம் ஆச்சு."

"விட்டுட்டாரா," என்றார் நர்சரிக்காரம்மா. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி செருகிக்கொண்டார். "சரி."

பொடிசு பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"இதுக்கு மருந்து கிடையாது. திட்டு விழுந்த செடி எல்லாத்தையும் வேரோட பிடுங்கி, பையில கட்டி வெளிய போடு. நடுவுல நல்ல செடியைத் தொட்டுடாதே. முடிஞ்சதும் கையை சோப்பு போட்டு நல்லாக் கழுவு."

திரும்பும் வழியில் தெருமுனைக் கடை இருக்கிறது. பொடிசு முதலில் அதைத் தாண்டித்தான் போனாள். பத்தடி போய்த் திரும்பி வந்தாள். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு எழுதக் கூடாது, இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பது அவள் தொழில் சொல்லிக் கொடுத்தது.

"எங்க வீட்டுக்கு சிகரெட் போகுதா?" என்று நேராகவே கேட்டாள்.

கடைக்காரர் பிஸ்கட் அடுக்குவதை நிறுத்தினார். "போகுதே. வாரம் ஒரு பாக்கெட். சனிக்கிழமை ஆனா டாண்ணு போயிடும். ஏம்மா, எதாவது பிரச்சினையா?"

"இல்ல."

யார் வாங்கிப் போகிறார்கள் என்று இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கு இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திருக்காது. கோபத்தில் இருக்கிறவர்கள் பதில் தங்களிடம் இருப்பதாக நினைத்துவிட்டால் அதற்கு மேல் கேட்பதில்லை.

டிரைவர் சமையலறையில் தக்காளியை நறுக்கி உப்புத் தூவிக்கொண்டிருந்தார். பொடிசு பையை மேசைமேல் வைத்தாள். கடிதத்துக்குப் பக்கத்தில்.

"கையைக் காட்டுங்கப்பா."

அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் குனிந்து விரல்களை மோந்து பார்த்தாள். தக்காளி இலையின் கசப்பு வாசனைதான் வந்தது. அந்த வாசனை ஏறிவிட்டால் வேறு எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலையிலிருந்து மாலை வரை அவர் அந்த இலைகளோடு இருப்பது இதற்காகத்தானோ என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"செடிக்கு வந்திருக்கிறது புகையிலை நோய்ப்பா. சிகரெட் பிடிக்கிற கையில இருந்து வருமாம். கடையிலயும் கேட்டுட்டேன். வாரம் ஒரு பாக்கெட் நம்ம வீட்டுக்கு வருதாம்." அவள் குரல் உயரவில்லை. "நான் கத்த மாட்டேன். நிஜத்தை மட்டும் சொல்லுங்க. பிடிக்கிறீங்களா?"

டிரைவர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அவர் பிடிக்கவில்லை. ஏழு மாதமாக ஒன்றுகூட இல்லை. எத்தனை நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார் என்பது அவருக்கும் அந்த ஊசி மிளகாய்ச் செடிகளுக்கும் மட்டும் தெரியும். மகளே நம்பவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. இல்லை என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அப்போது பார்வை கடிதத்தின் மேல் விழுந்தது.

இல்லை என்றால் அவள் திங்கட்கிழமை போய்விடுவாள். ஆமாம் என்றால் போக மாட்டாள். ஒன்பது நாளாக அவர் மனசுக்குள் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒன்றை, மகளே தட்டில் வைத்து நீட்டுகிறாள்.

"ஆமா," என்றார் டிரைவர்.

பொடிசு சண்டை போடுவாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே."

"சரிப்பா. நான் போகல. அம்மா வந்ததும் எழுதிடறேன்." நறுக்கிய தக்காளியைப் பார்த்தாள். "சாப்பிடுங்க. மாத்திரை போடணும்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் போடவில்லை, அவருக்கு ஏதாவது ஆனால் கேட்க வேண்டும் என்று.

டிரைவர் ஜெயித்துவிட்டார். ஆனால் நறுக்கிய தக்காளியைத் தொடாமல் தட்டால் மூடி வைத்தார்.

பிறகுதான் இன்னொரு சிக்கல் அவருக்கு உறைத்தது. மாஸ்டரின் மூக்கு. சட்டையைத் துவைக்கப் போடுவதற்கு முன் அந்த அம்மாள் அதை மோந்து பார்ப்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவர் வழக்கம். ஏழு மாதமாக வாசனையே இல்லாத சட்டையை வைத்துக்கொண்டு, தினம் பிடிக்கிறேன் என்று எப்படி நிற்பது? பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கு வாசனை ஏற்றத்தான் ஆள் வெளியே போக வேண்டியிருந்தது.

கடைக்காரர் அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். "என்ன டிரைவரே, ரொம்ப நாளாச்சு."

"ஒரு சிகரெட் குடு."

"ஒண்ணா குடுக்கறதில்ல. பாக்கெட்தான்." எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார், "வீட்ல வாங்கிட்டுப் போனது அதுக்குள்ள தீந்துடுச்சா?"

"யாரு வாங்கிட்டுப் போனது?"

"மாஸ்டரம்மாதான். சனிக்கிழமை வந்தாங்களே. டிரைவருக்கான்னு கேட்டேன். எனக்குத்தான்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

டிரைவர் பாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்திய மனைவி, ஐம்பத்தாறு வயதில், சனிக்கிழமைக்கு ஒரு பாக்கெட். கண்முன்னால் எதெதுவோ வந்து போயிற்று. ஆனால் உடனே ஒன்று புரிந்தது: தான் சொன்ன பொய் இப்போது அவளுக்கும் சேர்த்துத்தான் காவல் நிற்கிறது. இனி பின்வாங்க முடியாது. அவர் கடைக்குப் பக்கவாட்டில், காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்தார். அங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை அவரே சொல்லட்டும். நான் முந்திக்கொள்ளவில்லை.

மாஸ்டர் சொன்ன மாதிரி நாலே காலுக்கு வந்தார். புடவையில் அங்கங்கே நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. உள்ளே இரண்டடி வைத்தவர் நின்றார். மூக்கு ஒரு தரம் விரிந்து சுருங்கியது.

"இங்க வாங்க," என்றார் கணவரிடம்.

டிரைவர் வந்தார். மாஸ்டர் சட்டைக் காலரைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். விட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

பொடிசு அறையிலிருந்து வந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். "அப்பாவே ஒத்துக்கிட்டார்மா. ஏழு மாசமா பிடிக்கிறாராம். செடியெல்லாம் அதனாலதான் போச்சு. நர்சரி அக்கா சொன்னாங்க. புகையிலையில இருக்கிற வைரஸ் கை வழியா செடிக்குப் போகுமாம். நான் போகலன்னு எழுதிடறேன்."

"ஏழு மாசமாவா?" மாஸ்டர் கணவரைப் பார்த்தார். "வாரா வாரம் எங்க வாங்கினீங்க?"

"கடையிலதான்," என்றார் டிரைவர். மனைவியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். மாஸ்டருக்கு அது ஏதோ வலிப்பு மாதிரி தெரிந்தது.

"என்ன பண்றீங்க கண்ணை?"

டிரைவர் கிட்டே வந்து கிசுகிசுத்தார். "எல்லாம் தெரியும். கடைக்காரர் சொல்லிட்டாரு. பரவால்ல, யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு எப்ப இருந்து இந்தப் பழக்கம்?"

"எந்தப் பழக்கம்?"

"சிகரெட்."

இவர் கிசுகிசுப்பு பேருந்தின் கடைசி சீட்டு வரை கேட்கும். பொடிசுக்கும் நன்றாகவே கேட்டது.

மாஸ்டர் கைப்பையை மேசையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் பிடிக்கல. வாங்கினது நான்தான். செடிக்கு."

டிரைவர் பின்கதவு வழியாகத் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப வீட்ல ரெண்டு பாக்கெட் மிச்சம் இருந்துச்சு. தூக்கிப் போடத்தான் எடுத்துட்டுப் போனேன். அந்த வாரம் பொடிசு வாங்கி வச்ச முதல் செடியோட குருத்துல பச்சைப் பூச்சி அப்பியிருந்துச்சு. கடையில பட்டன் தைக்கிற பொண்ணு சொன்னா, புகையிலையை ஊறப் போட்டு அந்தத் தண்ணியை அடிங்கக்கா, பூச்சி நிக்காதுன்னு. அடிச்சேன். நிக்கல. தீர்ந்ததும் வாங்க ஆரம்பிச்சேன். கடையிலயே ஜாம் பாட்டில்ல ஊறப் போட்டு, தண்ணியை மட்டும் கொண்டு வருவேன். பாக்கெட் வாசப்படி தாண்டினா இவர் கண்ணுல படும், மறுபடி ஆசை வரும். அதான் சோப்புத் தண்ணின்னு சொன்னேன். சோப்பும் போட்டேன், பொய் இல்ல."

"அந்தத் தண்ணிதான்மா," என்றாள் பொடிசு மெதுவாக. "அதுலதான் வந்திருக்கும்."

மாஸ்டர் எழுந்து பின்கதவு வரை போனார். இருபத்திரண்டு தொட்டிகளும் வெயில் சாய்ந்த வெளிச்சத்தில் நின்றன. பழுக்க இன்னும் நாலைந்து நாள் இருந்த தக்காளிகள் கொத்தாகத் தொங்கின. "ஒரு வாரம்கூட விடாம நானே என் கையால அடிச்சிருக்கேன்," என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்தச் செடிகளுக்காக ஒருவர் அழுதால் அது நியாயம்தான். ஏழு மாதம் பிள்ளையாகப் பார்த்தவை.

திரும்பி வந்தபோது குரல் பழைய மாஸ்டர் குரலாகியிருந்தது. "ஏழு மாசமா தினம் உங்க சட்டையை மோந்துட்டுத்தான் துவைக்கப் போடறேன். ஒரு நாள் வாசனை இல்ல. இன்னிக்கு மட்டும் நாறுது. பாக்கெட்டை எடுங்க."

டிரைவர் சட்டைப் பையைத் தொட்டார், எடுக்கவில்லை.

பொடிசுக்கு இப்போது எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. "நான் கேட்டப்ப நீங்க பிடிக்கவே இல்ல. அப்புறம் ஏன்பா ஆமான்னு சொன்னீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார்.

"ஒன்பது நாளா போ போன்னு சொல்லிட்டேன். நல்ல அப்பான்னா அப்படித்தானே சொல்லணும். அதுக்கப்புறம் போகாதேன்னு சொல்ல வாய் வரல. நீயா வந்து கேட்ட. ஆமான்னு சொன்னா நீ இருந்துடுவேன்னு தெரிஞ்சுது. சொல்லிட்டேன்."

"நான் அழுவேன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஒரு நாள் அழுவ. அப்புறம் இருப்ப." அவர் குரல் உடைந்தது. "தப்புதான். நீ இல்லாத வீட்டை நினைச்சா எனக்குத் தாங்கல. அவ்வளவுதான்."

அந்த வீட்டில் யாரும் இப்படிப் பேசிக்கொண்டதில்லை. மாஸ்டர் டீ போடப் போனார். தேவையில்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பொடிசு அப்பாவின் பக்கத்தில் வந்து, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் தாங்குமா? எனக்கும் பயம்தான். ஆனா போகணும்னு ஆசையாவும் இருக்குப்பா."

"தெரியும். படிக்கிற காலத்துலயே உன் முகத்துல இருந்துச்சு."

டீ வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். கடிகாரத்தைப் பார்க்காதவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டார்கள். மணி நாலே முக்கால். பொடிசு போனில் நாலு வரி எழுதினாள். திங்கட்கிழமை வந்து சேருகிறேன், வாய்ப்புக்கு நன்றி. எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே அனுப்புங்க."

"நான் எதுக்கு?"

"நீங்க போன்னு சொன்னது ஒன்பது நாளும் பொய். ஒரு தடவை நிஜமா சொல்லுங்க."

டிரைவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன கட்டைவிரல், அந்தச் சின்னப் பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அவர் அழுத்தினார். பதில் போய்ச் சேர்ந்ததற்கான குறி திரையில் விழுந்தது.

மாஸ்டர் மகளின் தலையைத் தடவினார். "அப்பாடா," என்றார். "இனி அந்தப் பாக்கெட்டைக் குடுங்க, குப்பையில போடறேன்."

டிரைவர் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். கையை எடுக்கவில்லை. குப்பைக்குப் போய்விட்டால் யாரும் திறந்து எண்ணப் போவதில்லை. அது அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த நாள் இப்படியே நல்லபடியாக முடிந்துவிடும்.

"அனுப்பினது அனுப்பினதுதான்," என்றார். "அதை மாத்தச் சொல்லல. ஆனா இன்னிக்கு ஒரு பொய் போதும். இதுல பத்துக்கு எட்டுதான் இருக்கு."

பொடிசுக்கு ஒரு நொடி ஆயிற்று. "வாசனைக்கு ஒண்ணு போதுமே."

"முதல்ல பிடிச்சது வாசனைக்கு," என்றார் டிரைவர். "ரெண்டாவது எனக்கு. நல்லா இருந்துச்சும்மா."

பொடிசு அவர் முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் அவர் ஆமா என்றபோது நம்பியதை விட இப்போது அவரை அதிகமாக நம்பினாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதிலை மாற்றுவதென்றால், மணி ஐந்தாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.